விதை வீக்கத்தை வளர்ப்பது எப்படி? பெங்களூர்வாசிகளுக்கு ஒரு கையேடு

பெங்களூரில் நாய் வளர்க்க, மாடித்தோட்டம் போட, ஸ்டார்ட்-அப் தொடங்க, எதற்கும் வழிகாட்டி கிடைக்கிறது. விதைப்பையில் வந்த வலியைப் பக்குவமாக வளர்த்து, ஒரு விதையையாவது பறிகொடுப்பதற்கு மட்டும் முறையான வழிகாட்டி இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இது. மாரத்தஹள்ளி பி.ஜி.யில் கட்டில் பிடித்திருக்கும் இளைஞர் முதல் அல்சூரில் பேரன் பேத்தி எடுத்த தாத்தா வரை யாரும் பின்பற்றலாம்.

தேவையானவை: வலி ஒன்று. வெட்கம் வேண்டிய அளவு. லீவு தராத மேனேஜர் ஒருவர் (கிடைத்தால்).

படி 1: வயிற்று வலி என்று சொல்லுங்கள்

வலி நள்ளிரவில் திடீரென்று தொடங்கி, தூக்கத்தைக் கலைக்கலாம். வாந்தியும் வரலாம். அறை நண்பனிடம் "ஃபுட் பாய்சன் மச்சி" என்று சொல்லிவிடுங்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டால் அடிவயிறு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் ஓமத் தண்ணீர் குடிக்கச் சொல்வார். குடியுங்கள்.

இதனால் கிடைக்கும் லாபம் பெரிது. விதை, தன்னைத் தாங்கும் நாளத்தோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும் கோளாறு ஒன்று உண்டு. ரத்த ஓட்டம் நின்றுபோகும். இது கிருமியால் வரும் அழற்சி இல்லை. ஆனால் வீக்கம், சிவப்பு, வலி எல்லாம் அழற்சி மாதிரியே இருக்கும். 12 முதல் 18 வயதுப் பையன்களுக்கு அதிகம். முப்பது வயதுக்காரருக்கு வராது என்றும் இல்லை. 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை அவிழ்த்தால் விதை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 12 மணி நேரம் ஆனால் பாதிக்குப் பாதிதான். ஒரு நாள் தாண்டினால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான்.

பெங்களூரில் 6 மணி நேரத்தை வீணாக்க யாரும் மெனக்கெட வேண்டாம். பி.ஜி. ஓனரிடம் சொல்லக் கூசி இரண்டு மணி, போனில் தேடிப் படித்துப் பயந்து ஒரு மணி, காலை மீட்டிங்கில் ஒரு மணி. மிச்சத்தை சில்க் போர்டு ஜங்ஷன் பார்த்துக்கொள்ளும்.

படி 2: 'சூடு' என்று தீர்ப்பு எழுதுங்கள்

வலி திடீரென்று வராமல் ஓரிரு நாளில் மெல்ல ஏறினால், கூடவே நீர்க்கடுப்பும் காய்ச்சலும் இருந்தால், உடம்புச் சூடு என்று முடிவு கட்டிவிடுங்கள். கட்டைவிரலில் நல்லெண்ணெய், வெறும் வயிற்றில் வெந்தயம், மத்தியானம் இளநீர். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரும் "ஹீட் ஆகிதே" என்பார். காவிரியில் ஒத்துப்போகாத இரண்டு மொழிக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. இல்லாவிட்டால் பைக்கையும் ரோட்டுக் குழியையும் குற்றம் சொல்லுங்கள். யாரும் மறுக்கப்போவதில்லை.

உண்மைக் காரணத்தைத் தெரிந்துகொண்டால் கையேட்டைக் கைவிட்டுவிடுவீர்கள் என்ற பயத்தோடு சொல்கிறேன். விதையின் பின்புறம் எபிடிடிமிஸ் என்ற சுருள் குழாய் ஒட்டியிருக்கிறது. பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும். கிருமி பெரும்பாலும் சிறுநீர்ப் பாதை வழியாக முதலில் அங்கே குடியேறி, பிறகு விதைக்குப் பரவும். 35 வயதுக்குக் கீழே என்றால் உடலுறவில் தொற்றும் கிளமிடியா, கொனோரியா கிருமிகள் முக்கியமான காரணம். அதற்கு மேலே என்றால் சிறுநீரில் தங்கும் ஈ.கோலை போன்றவை. புராஸ்டேட் வீங்கி நீர் முழுதாக இறங்காத பெரியவர்களுக்கும், சிறுநீர்க் குழாய் செருகியவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். இந்தக் கிருமிகளில் ஒன்றுகூட இளநீருக்குப் பயப்படுவதில்லை.

படி 3: மருந்துக்கடையில் நின்றபடியே குணமாகுங்கள்

கவுண்டரில் பெண் இருந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். ஆண் இருந்தால் குரலைத் தாழ்த்தி, "இன்ஃபெக்‌ஷனுக்கு ஏதாவது ஸ்ட்ராங்கா" என்று கேளுங்கள். லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் 2014 மார்ச் முதல் ஹெச்-1 அட்டவணையில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு வேண்டும், விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டைப் பற்றிக் கேட்டுக் கடைக்காரரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

வலி குறைந்த மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்துங்கள். டாக்டர்கள் 10 முதல் 14 நாள் வரை சாப்பிடச் சொல்வார்கள். கொனோரியா சந்தேகம் இருந்தால் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும், சிறுநீர்க் கிருமி என்றால் வேறு மருந்து என்று பிரித்துப் பார்ப்பார்கள். ஓய்வெடு, இறுக்கமான ஜட்டி போட்டுத் தாங்கல் கொடு, ஐஸைத் துணியில் சுற்றி வை என்றெல்லாம் சொல்வார்கள். அரைகுறையாக விட்டால் சீழ் கட்டும், வலி மாதக்கணக்கில் நீளும், குழாய் அடைபடவும் கூடும். கையேட்டின் நோக்கமே அதுதானே?

மனைவியிடமோ காதலியிடமோ மூச்சு விடாதீர்கள். உடலுறவில் வந்த தொற்றென்றால் அவருக்கும் சிகிச்சை வேண்டும். சொல்லாமல் இருந்தால், நீங்கள் குணமானதும் அவரிடமிருந்து மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

படி 4: பொன்னுக்கு வீங்கிக்குச் சங்கிலி போடுங்கள்

கன்னம் வீங்கினால் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவது நம் வழக்கம். கன்னடத்தில் இதே நோய்க்கு மங்கனபாவு என்று பெயர். பெயர் மாறினாலும் வைரஸ் ஒன்றுதான். பருவம் எய்திய ஆண்களுக்கு வந்தால், தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு விதையிலும் இறங்கும். கன்னம் வீங்கிய 4 முதல் 8 நாளில், கன்னம் வடியத் தொடங்கும்போது, காய்ச்சல் திரும்பி வரும், விதை வீங்கும். இந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. ஓய்வும் வலி மாத்திரையும்தான். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். பிறகு விதை சற்றுச் சுருங்கலாம். முழு மலட்டுத்தன்மை அபூர்வம்.

2017 பிப்ரவரியில் கர்நாடகம், தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து இடங்களில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் தொடங்கியது. அந்த ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்குப் பாதுகாப்பு இல்லை. மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசியைக் குழந்தை மருத்துவர்கள் 9 மாதம், 15 மாதம், 4-6 வயது என்று மூன்று முறை போடச் சொல்கிறார்கள். சின்ன வயதில் விட்டுப்போன பெரியவர்கள் குறைந்தது 28 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொள்ளலாம். நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டாம். வீக்கம் தொடங்கி ஐந்து நாள் வரை தொற்றும் என்பதால், மூன்றாம் நாளே ஆபீஸ் போய் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

படி 5: ஸ்கேன் சென்டரைத் தவிருங்கள்

காத்திருக்கும் அறையில் எல்லோரும் கர்ப்பிணிகள். சுவரில் குழந்தைப் படம். அதன் கீழே, இங்கே ஆணா பெண்ணா என்று சொல்லப்பட மாட்டாது என்ற பலகை. நடுவில் நீங்கள். உங்கள் பெயரைச் சொல்லி, எந்த ஸ்கேன் என்பதையும் சத்தமாகக் கூப்பிடுவார்கள்.

அதற்குப் பயந்து திரும்பினால், டாப்ளர் ஸ்கேன் சொல்லும் ஒரே முக்கியமான செய்தி உங்களுக்குக் கிடைக்காது. ரத்த ஓட்டம் கூடியிருந்தால் அழற்சி, நின்றிருந்தால் முறுக்கு. டாக்டர் தொடையின் உள்பக்கம் லேசாகத் தடவி, விதை மேலே ஏறுகிறதா என்றும் பார்ப்பார். முறுக்கில் பெரும்பாலும் ஏறாது. தூக்கிப் பிடித்து வலி குறைந்தால் அழற்சிதான், பயமில்லை என்று யூடியூபில் ஒருவர் சொல்வார். அந்தச் சோதனையை நம்பி முடிவெடுக்க முடியாது. ஆகவே அதையே நம்புங்கள்.

படி 6: லாட்ஜ் வைத்தியரிடம் போங்கள்

மெஜஸ்டிக் பக்கம் சுவரொட்டிகளைப் படித்தபடி நடந்தால் ஒருவராவது சிக்குவார். அண்டவாதத்தையும் ஆண்மைக் குறைவையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்கே அஞ்சாதவர் உங்கள் கிருமிக்கா அஞ்சப்போகிறார்?

வாசகர் சந்தேகங்கள்

*வலியே இல்லை, கட்டி மட்டும் தட்டுப்படுகிறது.*
அதிர்ஷ்டசாலி. விதைப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும். 15 முதல் 40 வயதுக்காரர்களைத்தான் அதிகம் தேடி வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் அநேகமாக எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்பதால் தள்ளிப்போடுங்கள்.

*முழு மருந்தும் சாப்பிட்டேன். வாரக்கணக்கில் ஆகியும் வீக்கம் இறங்கவில்லை.*
காசநோய் எபிடிடிமிஸிலும் வரும். மாடு வைத்திருப்பவர்களுக்கும் காய்ச்சாத பால் குடிப்பவர்களுக்கும் புரூசெல்லா வரலாம். இரண்டுக்கும் தனித்தனிப் பரிசோதனை, தனித்தனி மருந்து. திரும்பிப் போய்க் கேட்டால்தானே தெரியும்?

*ஊர் ராய்ச்சூர் பக்கம். பை பெரிதாகிக்கொண்டே போகிறது.*
யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு, காலை மட்டும் குறிவைப்பதில்லை. பெரிய சைஸ் வேட்டி வாங்குங்கள்.

இந்தக் கையேட்டின்படி நடந்தவர்களுக்குப் பலன் நிச்சயம். அப்படி நடக்க மனமில்லாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. திடீர் வலி என்றால் மணி பாருங்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது விக்டோரியா, பௌரிங், கே.சி. ஜெனரல் என்று பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வழியில் எதுவும் சாப்பிடாதீர்கள், அறுவை தேவைப்படலாம். கவுண்டரில் "விதையில் வலி, இத்தனை மணிக்குத் தொடங்கியது" என்று சொல்லுங்கள். மெல்ல வந்த வலி என்றாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். பத்து வயது தாண்டிய மகன் உள்ள வீடுகளில், "அங்கே வலித்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் எங்களை எழுப்புடா" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.