சீஸ் சட்டியுள் ரொட்டி வீழ்தல்: ஓர் ஆய்வு

ஆய்வுக்களம் சூரிச். வெளியே டிராமும் வங்கிகளும். கதவைத் தள்ளினால் மரச்சுவர், கட்டம்போட்ட மேசைவிரிப்பு, உத்தரத்தில் மாட்டுமணி. மலையேறாமலே மலையுச்சிப் பசி எடுக்கும்படி அமைத்த இடம். வருவது ஃபோண்டு, அதாவது உருக்கிய சீஸில் ரொட்டித்துண்டைத் தோய்த்துண்ணும் உணவு. ககலோன் என்ற கனத்த சட்டி, அடியில் சிறு அடுப்பு, ஆளுக்கொரு நீள முட்கரண்டி. எது யாருடையது என்று பூசல் வராதிருக்கப் பிடியின் நுனியில் வெவ்வேறு வண்ணம்.

இது ஆயர்குடியின் ஆதி உணவு என்பார் உளர். அற்றன்று. சீஸை ஒயினில் காய்ச்சும் செய்முறை சூரிச்சின் 1699ஆம் ஆண்டுச் சமையல் ஏடொன்றிலேயே உண்டு. அதைத் தேசிய உணவாக்கியது, 1914இல் தோன்றிய சுவிஸ் சீஸ் சங்கம் 1930களில் செய்த விளம்பரம். விற்க வேண்டிய சீஸ் மலையாய்க் குவிந்தால் மரபும் பிறக்கும். சங்கம் வளர்த்தது தமிழ் மட்டுமன்று என்க.

இனி ரொட்டி வீழும் காரணம். சட்டியில் க்ரூயேர் சீஸ் பாதி, வாஷெரான் சீஸ் பாதி, வெள்ளை ஒயின், கொஞ்சம் சோளமாவு. ஒயினின் புளிப்புதான் சீஸ் திரளாமல் காக்கிறது. நேரம் ஆக ஆகக் குழம்பு இறுகும், இழுவை கூடும், மெதுரொட்டி கழன்றுகொள்ளும். ஆகவே நேற்றைய ரொட்டியே தக்கது. சதைப்பக்கம் குத்தி மேலோட்டில் முள் பதிய வேண்டும். இவ்வளவும் பௌதிகம். கிடைத்த சான்றுகளின்படி, பாதிக் கதையில் கையை ஆட்டிப் பேசுபவரின் ரொட்டிதான் பெரும்பாலும் முழுகுகிறது. கேட்பவர் ரொட்டி முழுகுவதில்லை. அவர் கவனமெல்லாம் சட்டியில்.

ரொட்டியைத் தொலைத்த ஆண் ஒரு புட்டி ஒயின் வாங்க வேண்டும், பெண் பக்கத்திலிருப்பவரை முத்தமிட வேண்டும் என்பது வழக்கு. (இதில் யாருக்குத் தண்டனை என்பது தனி ஆய்வுக்குரியது.) 1970இல் வந்த, சித்திரக்கதை நாயகன் ஆஸ்டெரிக்ஸின் சுவிட்சர்லாந்துக் கதையிலோ முதலில் பிரம்படி, அடுத்துச் சாட்டையடி, மூன்றாம் முறை ஏரி.

குடிக்க என்ன என்பதிலும் இரு கட்சி: ஒயின், கட்டந்தேநீர். நாம் நகைக்க, சூரிச் மருத்துவர்கள் 20 பேருக்கு ஃபோண்டு கொடுத்து மெய்யாகவே சோதித்து, 2010இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள்: மது சேர்ந்தால் இரைப்பை காலியாகத் தாமதமாகும். உணவகத்தில் இதனால் எதுவும் மாறவில்லை. பச்சைத்தண்ணீர் கேட்டால், வயிற்றில் சீஸ் கல்லாகிவிடும் என்று பக்கத்து மேசைக்காரர் இன்றும் எச்சரிப்பார்.

சட்டி வற்றியபின் அடியில் பொன்னிறக் காந்தல் ஒட்டியிருக்கும். உணவு முழுவதிலும் உயர்ந்தது அதுவே என்பதில் எல்லாரும் உடன்படுவர். கரண்டியால் பெயர்த்துப் பங்கிடும்போது, ரொட்டியைத் தொலைத்தவருக்கும் பங்கு உண்டா என்பதில்தான் கருத்து வேறுபாடு. உண்டு என்பது தொலைத்தோர் துணிபு.