காலையில் கடகட, தாப்பாவில் கப்சிப்

தானா ராத்தாவிலிருந்து ஒரு வாசகர்: காலையில் காடியைக் கிளப்பினால் இஞ்சின் கடகடவென்று அலறுகிறது. கேமரன் மலைக் குளிர்தானே காரணம்?

சளிக்கும் குளிர், மூட்டுவலிக்கும் குளிர், பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்பாததற்கும் குளிர். பழி போட இந்த மலையில் வசதியான ஆள் அதுதான். ஆனால் உங்கள் இஞ்சினைக் கேட்டால், இதெல்லாம் ஒரு குளிரா என்று சிரிக்கும். நம் மலையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி. அதுவும் 1978-ல். வழக்கமான விடியல் 15, 16-ஐ ஒட்டி இருக்கும். கெட்டியான ஆயில் என்று நாம் நினைக்கும் 20டபிள்யூ-50-ஐக்கூட மைனஸ் 15 டிகிரியில் சோதித்துப் பார்த்துத்தான் அந்த '20டபிள்யூ' முத்திரையைத் தருகிறார்கள்.

தொந்தரவு குளிரால் அல்ல, இரவால். காடி எட்டு மணி நேரம் சும்மா நின்றால் மேலே இருக்கும் ஆயில் சொட்டுச் சொட்டாக அடித்தொட்டிக்கு வடிந்துவிடுகிறது. காலையில் பம்பு அதைத் திரும்ப மேலேற்றும் வரை, தேய்ந்த பாகங்கள் தங்கள் வயதைச் சத்தம் போட்டுச் சொல்கின்றன. ஆகவே சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கவனியுங்கள். இரண்டு விநாடியா, இரண்டு நிமிடமா, நாள் முழுக்கவா? பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.

ரிங்லெட் வாசகி: பழைய மைவி. கிளப்பியதும் இரண்டு விநாடி 'கிர்ர்ர்' என்கிறது, பிறகு சமர்த்தாகிவிடுகிறது. இரண்டு விநாடிதானே, விட்டுவிடலாமா?

இப்போதைக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். கஞ்சிலில் டைமிங் பெல்ட். 2005-ல் வந்த முதல் மைவி 1.3-லிருந்து டைமிங் சங்கிலி. இப்படிச் சங்கிலி போட்ட இஞ்சின்கள் பலவற்றில், அதைத் தொய்யாமல் இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்யும். ஆயில் வந்து சேரும் வரை சங்கிலி தளர்ந்து உறைக்குள் அடித்துக்கொள்ளும். அதுதான் உங்கள் 'கிர்ர்ர்'.

உடனே இஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடம் ஒரு வணக்கம் வைத்துவிட்டு வாருங்கள். முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். கடைசியாக எப்போது மினியாக் ஹித்தாம் மாற்றினீர்கள்? அடுத்து ஃபில்டர். பல காடிகளின் ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கிறது. இஞ்சின் நின்றதும் ஆயில் பின்னால் ஓடிவிடாமல் தடுப்பது அதன் வேலை. மலிவு ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரம் விறைத்துப் போகும். இரவெல்லாம் ஆயில் வடியும். சில வெள்ளி கூடக் கொடுத்து நல்ல ஃபில்டர் போட்டதுமே சத்தம் போன காடிகள் உண்டு.

அதற்கும் மசியாமல் இரண்டு விநாடி ஐந்தானால், சங்கிலியும் டென்ஷனரும் தேய்ந்திருக்கலாம். வால்வு நேரத்தை மாற்றும் பற்சக்கரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சங்கிலி ஒரு பல் தாண்டினாலே இஞ்சின் தடுமாறும். பல பல் தாண்டினால் சில இஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அந்தப் பில்லை நின்றுகொண்டு வாசிக்காதீர்கள்.

பிரிஞ்சாங் வாசகர்: தாப்பா பட்டறைக்குக் கொண்டு போனேன். சத்தமே வரவில்லை. மெக்கானிக் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவர் மேல் தப்பில்லை. அத்தனை வளைவுகளையும் இறங்கிப் போன இஞ்சின் சூடேறி, ஆயில் எல்லா மூலைக்கும் பாய்ந்திருக்கும். காடியை ஒரு இரவு அங்கேயே விட்டுவிட்டு, காலையில் அவரையே சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். தாப்பா விடியலில் குளிர் ஏது? அங்கேயும் கடகடத்தால், நம் மலைக் குளிர் நிரபராதி என்று தீர்ப்பு எழுதிவிடலாம்.

விட்டு வர முடியாதா? கைப்பேசியில் படம் பிடியுங்கள். ஆனால் கிளப்பிய பிறகு ஓடிப் போய்ப் பானெட்டைத் திறந்து எடுத்தால் பிரயோசனமில்லை. முதலில் பதிவை ஓடவிட்டு, அப்புறம் சாவியைத் திருப்புங்கள். ஆயில் விளக்கு எப்போது அணைகிறது என்பதும் படத்தில் விழ வேண்டும்.

தேயிலைத் தோட்டத்து ஓட்டுநர்: எங்கள் சீரிஸ் 3 லேண்ட்ரோவர் டீசல் காலையில் போடும் சத்தத்தில் லயமே விழித்துக்கொள்கிறது. எது இயல்பு, எது கோளாறு?

1948-ல் ஆம்ஸ்டர்டாமில் முதல் லேண்ட்ரோவரைக் காட்சிக்கு வைத்தவர்கள் அதை அமைதியான வண்டி என்று சொல்லி விற்கவில்லை. அந்த 2.25 லிட்டர் டீசலுக்குச் சத்தம் பிறவிக் குணம். குளிர்ந்த அறைக்குள் பீய்ச்சிய டீசல் உடனே பற்றாது. கொஞ்சம் தாமதித்து, சேர்ந்ததெல்லாம் ஒரேயடியாக வெடிக்கும். அந்த 'டக்டக்' சூடேறினால் தணியும். கூடவே வெள்ளைப் புகையும் தள்ளாட்டமும் இருந்தால் குளோ பிளக்கைப் பாருங்கள். இந்தப் பழைய டீசல்களில் நான்கு பிளக்கும் கோயில் திருவிழா சீரியல் விளக்கு மாதிரி வரிசையாக இணைந்தவை. ஒன்று போனால் நான்கும் போச்சு.

சூடான பிறகும் மேலிருந்து 'டிக் டிக்' என்று தையல் விழுவது டாப்பெட் இடைவெளி. இந்த இஞ்சினுக்கு 10 தௌ, அதாவது கால் மில்லிமீட்டர். ஒரு ஃபீலர் கேஜும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். மந்தமாக, யாரோ உள்ளேயிருந்து சுவரைத் தட்டுவதாகக் கேட்டு, சில நிமிடத்தில் அடங்கினால் பிஸ்டன் தன் துளைக்குள் ஆடுகிறது. தேய்மானம்தான், ஆனாலும் வருடக்கணக்கில் ஓடும். அடியிலிருந்து கனத்த 'டொக் டொக்' கேட்டு, சூடேற ஏற அதிகமானால் அது பேரிங். மூட்டை இறக்கிவிட்டுப் போகலாம் என்று பார்க்காதீர்கள், அங்கேயே அணையுங்கள்.

எங்கிருந்து வருகிறதென்று தெரியாவிட்டால் நீண்ட திருப்புளியின் நுனியை இஞ்சின் மேல் ஒவ்வொரு இடமாக வைத்து, பிடியைக் காதோரம் வையுங்கள். அதற்கு முன் கழுத்துத் துண்டைக் கழற்றிவிடுங்கள், ஃபேனுக்கு ஆள் அடையாளம் தெரியாது.

திரிங்காப் வாசகர்: ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால் சத்தம் போய்விடுகிறதே?

ஆயில் வந்து சேராத நேரத்தில் வேகமாகச் சுற்றவிடுகிறீர்கள். சத்தம் போகும், கூடவே பேரிங்கும் போகும். விளக்கு அணைந்து அரை நிமிடம் பொறுத்து, நிதானமாக ஓட்டிச் சூடேற்றுங்கள். கதவடைத்த கொட்டகைக்குள் கால் மணி நேரம் ஓடவிட்டு நிற்பதும் வேண்டாம்; அந்தப் புகை ஆளையே கொல்லும்.

புளூ வேலி காய்கறி லாரிக்காரர்: என் லாரி கடகடப்பதில்லை. கிளம்பவே அடம் பிடிக்கிறது.

உங்கள் விஷயத்தில்தான் குளிருக்கும் பங்கு இருக்கலாம். அடுப்படியில் செம்பனை எண்ணெய் போத்தல் விடியற்காலையில் கலங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டு டீசலில் கலப்பதும் செம்பனையிலிருந்து எடுத்த எரிபொருள்தான். கலக்காத நிலையில் 15 டிகிரியை ஒட்டியே அது கலங்கத் தொடங்கும். டீசலில் சிறு பங்குதான் என்பதால் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஆனால் அழுக்கேறிய டீசல் ஃபில்டருக்கு அந்தக் கலங்கலே போதும். அதை மாற்றிவிட்டு, பேட்டரியையும் குளோ பிளக்கையும் பாருங்கள்.

ஹாபு வாசகி: தகர டப்பாவில் காசு குலுங்குவதுபோல் அடியிலிருந்து சத்தம். ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது.

புகைக்குழாய் மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு. மூடுபனி ஈரத்தில் அதன் போல்ட் துருப்பிடித்திருக்கும். சூடேறினால் உலோகம் விரிந்து இறுகிக்கொள்ளும். காடி ஆறியிருக்கும்போது தட்டிப் பாருங்கள், உண்மையைச் சொல்லிவிடும். ஒரு இரும்பு கிளிப் போதும்.

கம்போங் ராஜா வாசகர்: பழைய காடி வாங்கப் போனேன். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே இஞ்சினைச் சூடு பண்ணி வெச்சிட்டேன்" என்றார் விற்பவர். எவ்வளவு நல்ல மனிதர்!

சாட்சியை ஊருக்கு அனுப்பிவிட்டு உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். நாளைக்கு, சொல்லாமல் கொள்ளாமல், அவர் பசியாறுவதற்கு முன்பே வாசலில் போய் நில்லுங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானெட்டில் கை வையுங்கள். சில்லென்று இருந்தால் சாவியை வாங்கி நீங்களே கிளப்புங்கள். அந்த நேரத்திலும் சுட்டால் விலை பேசாதீர்கள், வேறு காடி பாருங்கள்.