சென்டம் பேட்ச்சில் இடமில்லை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டியூஷன் மாஸ்டர் என் தங்கை மகனைத் திருப்பி அனுப்பிவிட்டார். கணக்கில் 58 எடுக்கிறான், அதனால்தானே டியூஷன்? மாஸ்டர் மார்க் ஷீட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "இங்க சென்டம் பேட்ச் மட்டும்தான் சார் ஓடுது. 90க்கு மேல வந்தா கூட்டிட்டு வாங்க" என்றார். 90க்கு மேல் வந்தால் நான் ஏன் ஐயா தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உங்கள் மாடிப்படி ஏறப்போகிறேன்? இதை அவரிடம் கேட்கவில்லை. படியிறங்கும்போது முணுமுணுத்ததோடு சரி. மருமகன் முகத்தில்தான் அப்படி ஒரு சந்தோஷம்.

நாங்கள் இறங்க, எதிர்வீட்டுப் பெண் ஏறினாள். அவளுக்கு எந்தப் பரீட்சையிலும் 98. "அந்த ரெண்டு மார்க் எங்க போச்சுன்னு பாக்கணும்ல?" என்பார் அவள் அப்பா, தாலிச் சங்கிலி பறிபோனதாகப் புகார் எழுதித் தருகிறவர் முகத்தோடு. அவளுக்கு ஃபீஸில் பாதி தள்ளுபடியாம். 58க்குக் கதவடைப்பு, 98க்குத் தள்ளுபடி.

நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு டியூஷனால் பயன் உண்டா என்று எழுதித் தருவதாகப் பத்திரிகை ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஃப்ளெக்ஸைப் பற்றிக் கொஞ்சம்.

2017-ல் தமிழக அரசு பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. பிள்ளைகள் மனசு நோகக்கூடாது என்கிற நல்லெண்ணம். பட்டியல் என்ன செய்தது? தெருமுனைக்கு வந்து சவுக்குக் கம்பு நட்டு நின்றுகொண்டது. எங்கள் தெருவில் போன ரிசல்ட்டுக்கு வைத்தது இன்னும் இருக்கிறது. நடுவில் மாஸ்டர், கோட்டு போட்டு, கைகட்டி. அந்தக் கோட்டை அவர் உடம்பில் பார்த்தவர் கிடையாது. டிசைன் பண்ணின பையன் மாட்டிவிட்டது. அவரைச் சுற்றித் தபால்தலை அளவில் பிள்ளைகள். நீலப் பின்னணி, ரெட்டைச் சடை, சிரிக்காதே என்று அதட்டி எடுத்த ஹால் டிக்கெட் போட்டோ. ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் ஒரு நட்சத்திரம், அதற்குள் 100. மற்ற பாடங்களில் எவ்வளவு என்று நட்சத்திரம் வாய் திறக்காது.

முதல் வரிசையில் எதிர்வீட்டுப் பெண்ணின் அக்கா. இரண்டு கடை தள்ளி இன்னொரு டியூஷன், இன்னொரு ஃப்ளெக்ஸ், அங்கேயும் அக்கா. அங்கே அவள் போனது ரிவிஷன் டெஸ்ட் எழுத மட்டும். பஸ் ஸ்டாப் பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. அதிலும் அக்கா, கணக்கில் 100! இங்கிலீஷ் பேசினால் கணக்கு வருமா? வரும்போல. அபாகஸ்காரர் விடுவாரா? கையெழுத்துப் பயிற்சிக்காரர் விடுவாரா? எல்.கே.ஜி. படித்த நர்சரியில் "எங்கள் முன்னாள் மாணவி" என்று, பக்கத்தில் ஒரு மிக்கி மவுஸ். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி மட்டும்தான் பாக்கி. ராத்திரி பன்னிரண்டு வரை தனியாக உட்கார்ந்து அவள் படித்தாளே ஒரு மேஜை, அதைச் செய்த ஆசாரிக்கு மூலையில் ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கலாம்.

இந்தக் கூத்து எங்கள் தெருவோடு நிற்பதில்லை. மாதிரி நேர்காணலுக்கு மட்டும் வந்துபோனவர்களை முழுக்கத் தாங்களே படிக்கவைத்ததுபோல் விளம்பரம் செய்த ஐ.ஏ.எஸ். கோச்சிங் சென்டர்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதமே போட்டது. தேறிய பிறகு சம்மதம் வாங்கித்தான் போட்டோ போட வேண்டும், என்ன கோர்ஸ், எத்தனை நாள் என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2024 நவம்பரில் விதிமுறையும் வந்தது. அது எங்கள் தெருவுக்கு எப்போது வந்து சேருமோ.

சட்டத்துக்கு டியூஷன் என்றைக்குப் பயந்தது? தென் கொரியாவில் 1980-ல் ராணுவ ஆட்சி டியூஷனையே தடை செய்து பார்த்தது. திருட்டுத்தனமாக நடந்தது. 2000-ல் அங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றமே தடை செல்லாது என்றுவிட்டது. நம் ஊரில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக்கூடாது என்கிறது. எங்கள் மாஸ்டர் பகலில் பள்ளி ஆசிரியர். அதனால் டியூஷன் போர்டில் மனைவி பெயர், பின்னால் பி.காம். அந்தம்மா பால் கணக்குப் பார்ப்பதற்குக்கூட அவரைத்தான் கூப்பிடுகிறார்.

பயன் விஷயத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டுப் பெண் அங்கே என்ன செய்கிறாள் என்று விசாரித்தேன். மூன்று மணி நேர டெஸ்ட்டை ஒன்றரை மணியில் முடித்துவிடுகிறாளாம். மீதி நேரம் மற்றவர்கள் பேப்பரைத் திருத்துகிறாளாம். ஒன் வேர்டை இவள் திருத்துவாள், ஐந்து மார்க்கை மாஸ்டர் திருத்துவார். பாதி ஃபீஸ் தள்ளுபடி என்றார்களே, மீதிப் பாதியை மாஸ்டர் அல்லவா இவளுக்குக் கொடுக்க வேண்டும்? என் மருமகனை இந்த வேலைக்கு உட்கார வைக்க முடியாது. வாசலில் நிறுத்திவிட்டதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

நேற்று அவள் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, உண்மையைச் சொல்லு, அங்க போறதுல உனக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டேன்.

"ஏசி இருக்கு அங்கிள்" என்றாள். "அப்பாவும் இருக்க மாட்டாங்க."