அளவெடுக்காத தையற்காரர்

தையற்காரருக்கு இலக்கணம் இரண்டு. சொன்ன தேதியில் தரக் கூடாது; தந்த பிறகு நம் உடம்பைத்தான் குறை சொல்ல வேண்டும். நியூயார்க்கில் கடை போட்ட சாம் மார்க்ஸ் இதற்கும் ஒரு படி மேலே போனவர். இஞ்ச் டேப்பைத் தொடவே மாட்டார். ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார், அளவு முடிந்தது. விளைவாக, ஒரு காலில் தரையைப் பெருக்கிக்கொண்டும் மறு காலில் கெண்டைச் சதையைக் காட்டிக்கொண்டும் தெருவில் யாராவது போனால் அது சாம் தைத்த கால்சட்டை. ஒருமுறை தைத்தவர் மறுமுறை வருவது அபூர்வம்.

காரல் மார்க்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் மூலதனம் எழுதினார். இவரிடம் மூலதனமே கிடையாது.

அல்சேஸில் பிறந்தவர். பிறக்கும்போது பிரெஞ்சுக் குடிமகன். 1871-இல் ஜெர்மனி அந்தப் பகுதியை எடுத்துக்கொண்டதும், வீட்டைவிட்டு நகராமலே ஜெர்மானியர். அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்தால் அங்கே எல்லோரும் 'ஃப்ரெஞ்சி' என்று கூப்பிட்டார்கள். வீட்டில் பேசியதோ ஜெர்மன். மன்ஹாட்டன் கிழக்கு 93-ஆம் தெருவில் குடித்தனம். மனைவி மின்னி, பிள்ளைகள் ஐந்து பேர், கூடவே மாமனார் மாமியார். மாமனார் ஜெர்மனியில் ஊர் ஊராக வித்தை காட்டியவர், மாமியார் அந்தக் கூத்துக்கு ஹார்ப் வாசித்தவர். நியூயார்க்கில் இரண்டுக்கும் கிராக்கி இல்லை. ஆக, அந்த வீட்டில் உருப்படியாகத் தொழில் தெரிந்தவர் ஒருவர்தான், அவருக்கும் தொழில் தெரியாது.

அந்தத் தொழிலையும் மூத்தவன் சிக்கோ நிம்மதியாகச் செய்ய விடவில்லை. சீட்டாட்டத்துக்குக் காசு வேண்டுமென்றால் அப்பாவின் கத்தரியைக் கொண்டுபோய் அடகுக்கடையில் வைத்துவிடுவான். துணி வெட்ட வேண்டுமானால் முதலில் கத்தரியை மீட்க வேண்டும், கத்தரியை மீட்க வேண்டுமானால் ஏதாவது தைத்துக் காசு பார்க்க வேண்டும். நம்மூர் அப்பாவாக இருந்தால் வேப்பங்குச்சி ஒடிந்திருக்கும். ஃப்ரெஞ்சிக்குக் கோபப்படவும் அளவு தெரியாது. அதையும் குறைவாகவே வெட்டிவிட்டார்.

ஆனால் அடுப்பங்கரையில் அந்த மனிதர் வேறு ஆள். அங்கேயும் அளவு கிடையாது, அங்கே அளவு தேவையும் இல்லை. மிஞ்சிய காயையும் மலிவு இறைச்சியையும் வைத்து விருந்து படைப்பார். பிள்ளைகளை மேடையேற்றியே தீர்வது என்று மின்னி கிளம்பியபோது இந்தச் சமையல்தான் கைகொடுத்தது. நாடக ஏஜென்டுகளைச் சாப்பிடக் கூப்பிடுவார் மின்னி. ஃப்ரெஞ்சி சமைத்துப் போடுவார். வயிறு நிறைந்த ஏஜென்டு வாய்ப்புக் கொடுக்காமல் எப்படி எழுந்து போவான்? பையன்களின் நடிப்பைப் பார்த்துக் கிடைத்த வாய்ப்புகள் எத்தனை, அப்பாவின் குழம்பைச் சாப்பிட்டுக் கிடைத்தவை எத்தனை என்பதை ஏஜென்டுகளின் மனசாட்சிக்கே விட்டுவிடுவோம்.

அந்தப் பையன்கள்தான் மார்க்ஸ் பிரதர்ஸ் என்ற நகைச்சுவைக் குழு. உலகம் சிரித்தது, பெயரை மின்னி தட்டிக்கொண்டு போனார். நியாயம்தான், அந்த அம்மாள் இல்லாவிட்டால் ஒன்றும் நடந்திராது. இருந்தாலும் 1970-இல் பிராட்வேயில் இந்தக் குடும்பக் கதையை இசை நாடகமாகப் போட்டபோது அதற்கு 'மின்னிஸ் பாய்ஸ்' என்று பெயர். எழுதிய இருவரில் ஒருவர் அந்தப் பையன்களில் ஒருவரான க்ரௌச்சோவின் மகன் ஆர்தர், ஃப்ரெஞ்சியின் சொந்தப் பேரன்! பேரனும் பாட்டி கட்சி. சோறு போட்ட தாத்தாக்களின் வரலாறு எல்லா நாட்டிலும் இப்படித்தான் எழுதப்படுகிறது.

ஃப்ரெஞ்சிக்கு அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. மின்னி 1929-இல் காலமானார். பிள்ளைகள் ஹாலிவுட் போனதும் இவரும் போனார். 1931-இல் வந்த 'மங்கி பிசினஸ்' படத்தில், துறைமுகத்தில் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும் கிழவர் இவர்தான். கப்பலில் அகதிபோல் வந்தவருக்கு மகன்கள் கொடுத்த வேடம் கப்பலடியில் சும்மா உட்காருவது. நன்றாகவே உட்கார்ந்தார். 1933-இல் இறந்தார்.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. பையன்கள் மேடையில், அப்பா பார்வையாளர் வரிசையில். பின்னால் இருந்த ஒருவர், "இவங்க நிஜமான அண்ணன் தம்பிகளா இருக்க முடியாது" என்கிறார். ஃப்ரெஞ்சி திரும்பி, "இல்லீங்க, கூடப் பிறந்தவங்கதான்" என்கிறார். அந்த ஆள் விடவில்லை, "பந்தயம் கட்டுறீங்களா?" என்று சவால் விடுகிறார்.

ஐந்து பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, அவர்களுக்காகக் கத்தரியை மீட்டுக்கொண்டே இருந்தவர் ஆர்வமாகக் கேட்டாராம்: "ஒண்ணுக்கு எத்தனை தருவீங்க?"