ஒரு சுற்று, ஒன்றேகால் மணி நேரம்

போன சனிக்கிழமை இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு மீன் தலைக் கறி ஆறிப்போனது. மேசையைச் சுற்றி நான்கு பேர். பசி இருந்தது, சோறு இருந்தது, கறியும் ஆவி பறக்க வந்திருந்தது. ஆனால் யாரும் அதில் கை வைக்க முடியவில்லை. அந்தச் சட்டி அப்போது செப்பாங் ஓடுதளத்தின் ஒன்பதாம் வளைவாக இருந்தது.

அதை வளைவாக்கியவர், முந்தைய வாரம் தன் போர்ஷேவைச் செப்பாங்குக்கு ஓட்டிப்போய்த் திரும்பியிருந்த நண்பர். வயதை முன்னிட்டு எல்லோரும் அவரை அண்ணன் என்கிறார்கள்; இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அண்ணனின் மிகச் சிறந்த சுற்று இரண்டு நிமிடம் முப்பத்தொன்பது வினாடி. அதைச் சொல்லி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

விடியுமுன் துவாஸ் சோதனைச் சாவடியில் வரிசை கட்டுவது, ஹெல்மெட்டைப் பிள்ளையின் பள்ளிப்பைக்குப் பின்னால் ஒளித்துவைப்பது, இதையெல்லாம் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் அந்த ரகம்தான். செப்பாங்கில் காசு செலவில்லாமல் சுற்றுக்கு நான்கு வினாடி குறைக்க ஒரே ஒரு வழி இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைச் சொல்லத்தான் எழுதப்படுகிறது. ஆனால் முதலில் அந்த மீன் தலை.

அண்ணன் இலையைத் தன் பக்கம் திருப்பி, ஓரத்தில் அப்பளத்தை நிறுத்திவைத்தார். அது பிட் சுவர். செப்பாங்கின் முதன்மை நேர்ப்பாதை 900 மீட்டருக்கு மேல். இலையில் ஒரு சாண். அது முடிகிற இடத்தில் ரசக் கிண்ணம். அதுதான் முதல் வளைவு: வலப்பக்கம், வந்த வழியே திருப்பி அனுப்பப் பார்ப்பதுபோல் சுருண்டுகொண்டே போகும். அது ஓய்வதற்குள் இரண்டாவது இடப்பக்கம் சரிந்து இறங்கும். அண்ணனின் ஆள்காட்டி விரல் ரசக் கிண்ணத்தை உரசி, உள்விளிம்பைத் தொட்டு, உருளைக்கிழங்கு வறுவலை நோக்கி வெளியேறியது. "இங்கதான் எல்லாரும் அவசரப்படுவாங்க," என்றார். பிறகு விரலை மறுபடி அப்பளத்தருகே கொண்டுபோய் அதே வளைவை இன்னொரு தடவை எடுத்தார், அவசரப்படாமல்.

மூன்றாம் வளைவில் ஒன்றும் இல்லை, மிதித்தபடியே போகலாம். அந்த ஒன்றும் இல்லாததைச் சொல்ல ஐந்து நிமிடம். நாலாவது வலம், ஏற்றம். ஐந்தும் ஆறும் இடமும் வலமுமாக நீண்ட வேகமான வளைவுகள். ஆளின் துணிச்சலை அங்கேதான் அளப்பார்கள். அவற்றுக்கு முட்டைக்கோஸ் பொரியலும் வெள்ளரிக்காயும் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த நேரம் பார்த்துப் பரிமாறுகிற இளைஞர் வந்து, கேட்காமலேயே ஒரு கரண்டிச் சோற்றை வெள்ளரிக்காய் மேல் போடப்போனார்.

"தம்பி, தம்பி, அங்க வேணாம்! அது ஆறாவது கார்னர்!"

"அப்ப எங்கண்ணே வைக்கிறது?"

அண்ணன் யோசித்து, ஓடுதளத்துக்கு வெளியே, சரளைக்கல் பரப்பில் வைக்கச் சொன்னார்.

ஏழும் எட்டும் வலம். ஒன்பதாவதுதான் கறிச்சட்டி: இடப்பக்கம், ஏற்றத்தில் வருகிற இறுக்கமான திருப்பம். இங்கே அண்ணன் பிரேக்கை எங்கே தொட்டார், போன தடவை எங்கே தொட்டார், அவருடைய மகன் வயதுள்ள ஒரு சிவிக் டைப் ஆர்காரன் எங்கே தொட்டான் என்ற மூன்று புள்ளிகளும் ஊறுகாயால் குறிக்கப்பட்டன. நாலாவதாகவும் ஒரு புள்ளி இருந்தது. அது தவறி விழுந்த ஊறுகாய் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் இதை எழுதுபவர் அந்த இடத்தில் பிரேக் பிடிப்பதன் நன்மைகளை முழு மனதோடு ஆமோதித்திருந்தார்.

பத்து, பதினொன்று. பன்னிரண்டில் பின்பார்வைக் கண்ணாடியில் ஒரு லம்போர்கினி தெரிந்தது. அது யாருடையது, அவர் என்ன தொழில் செய்கிறார், அவருடைய மச்சானுக்கு எந்தப் பேட்டையில் வீடு என்று கதை கிளைச்சாலையில் இறங்கி வெகுதூரம் போனது. திரும்பியபோது விட்ட இடத்துக்கு வராமல் அப்பளத்தில் தொடங்கியது. ஆமாம், முதலிலிருந்து. பிட் சுவர் அதற்குள் நமத்துச் சாய்ந்திருந்தது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒரே நேரத்தில் வேலை கேட்கும் பொல்லாத பதினான்காம் வளைவு வெறும் இலையில் நடந்தேறியது. அதற்கென்று வைத்திருந்த வடையை யாரோ தின்றுவிட்டிருந்தார்கள். யார் என்பது இங்கே தேவையில்லாத விவரம். பதினைந்து, கடைசி, இடப்பக்கக் கொண்டை ஊசி. அப்பளம். இரண்டு முப்பத்தொன்பது.

மற்ற மூவரும் இவ்வளவு நேரம் பொறுத்திருந்தது பண்பினால் அல்ல. ஒவ்வொருவரும் தன் முறைக்காகக் காத்திருந்தார்கள். இதை எழுதுபவரிடமும் ஒரு சுற்று இருந்தது. அவருடையது பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5. செப்பாங்கில் அது செய்யும் முக்கியமான வேலை, பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்டி வழிவிடுவது. ஒரு நாள் முழுக்க ஓட்டி வந்தால் வெயிலில் கறுப்பது அவருடைய வலது கை மட்டும்தான். அதைச் சொல்லவும் அவருக்கு இருபது நிமிடம் வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை. கடையை மூடிவிட்டார்கள்.

இத்தனையும் நடந்த தெருவின் பெயரைப் பாருங்கள். 1840களில் ஃபேரர் பார்க்கில் குதிரைப் பந்தயத் திடல் இருந்ததால் அது ரேஸ் கோர்ஸ் ரோடு. 1911இல் சிங்கப்பூரில் முதல் விமானம் பறந்ததும் அந்தத் திடலிலிருந்துதான். குதிரைகள் 1933இல் புக்கிட் தீமாவுக்கும், 1999இல் கிராஞ்சிக்கும் போயின. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் முடிந்து ஊரிலேயே இல்லாமல் போயின. இன்று அந்தத் தெருவில் சனிக்கிழமை இரவு மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகம் கிடைத்தால் பெரிது, அதுவும் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டே.

கார்களுக்கு இங்கே இடம் இருந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையை அடைத்துவிட்டுப் பந்தயம் நடத்தினார்கள். சுற்றுக்கு 4.865 கிலோமீட்டர். மூங்கிலும் வைக்கோலும் வேலியாக, பள்ளமும் விளக்குக் கம்பமும் பக்கத்துணையாக, கையில் பாட்டிலோடு ஜனங்கள் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். 1966இல் சிங்கப்பூர்க்காரர் லீ ஹான் செங், அதற்கடுத்த ஆண்டு ராட்னி சியோ என்று ஊர்க்காரர்களே வென்ற காலமும் உண்டு. உயிர்கள் போயின, 1973க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது நியாயம்தான். இப்போது அந்தச் சாலையின் ஒரு பகுதியை ஒட்டி 2019இல் திறந்த தாம்சன் இயற்கைப் பூங்கா இருக்கிறது. அருகிவரும் ராஃபிள்ஸ் பட்டை லாங்கூர் குரங்குகள் மேலே தாண்டிப் போகக் கயிற்றுப் பாலம் கட்டி, கீழே சாலையை ஒரே தடமாகக் குறுக்கியிருக்கிறார்கள். குரங்குகள் மேல் யாருக்கும் வருத்தமில்லை. ஆனாலும் இந்த ஊரில் பழைய பந்தயப் பாதையில் நினைத்த வேகத்தில் போகிற உரிமை அவற்றுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

இடையில் சாங்கியில் 41 ஹெக்டர் நிலத்தில் நிரந்தர ஓடுதளம் வரும் என்றார்கள். 2010இல் ஒரு கூட்டமைப்பிடம் திட்டம் ஒப்படைக்கப்பட்டது. அண்ணன் அந்த வருடம்தான் முதல் ஹெல்மெட் வாங்கினார். இரண்டே வருடத்தில் திட்டம் கைவிடப்பட்டது. ஹெல்மெட் இருக்கிறது.

மரினா பே? அது மற்றவர்கள் ஓட்டுவதற்கு. 2008 முதல் வருடத்துக்கு ஒருமுறை நகரின் நடுவே சாலைகளை மூடி, விளக்கு போட்டு, வெளிநாட்டு இளைஞர்களை மணிக்கு 300 கிலோமீட்டருக்கு விரட்டுகிறோம். அதே சாலையில் அண்ணன் 62க்குப் போனதற்கு வந்த அபராதச் சீட்டு இன்னும் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அண்ணியின் ஏற்பாடு. 2023இல் அந்தப் பாதையைத் திருத்தியபோது நீளம் 4.940 கிலோமீட்டர் ஆனது, பழைய தாம்சன் சுற்றுக்கும் அதற்கும் நூறு மீட்டர்கூட வித்தியாசமில்லை. இதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். எரிச்சலில் இருக்கிறவனுக்கு இதுவும் ஒரு கணக்கு.

கணக்கு என்றதும் சிஓஇ, ஏலத்தில் எடுக்கும் கார் உரிமைச் சான்றிதழ். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பிரிவில் அது 150,001 வெள்ளியைத் தொட்டது. தோற்றவர்களில் அதிகம் கேட்டவரின் தொகையோடு ஒரு வெள்ளி சேர்ப்பது முறை. அந்த ஒரு வெள்ளிதான் வயிற்றைக் கலக்குகிறது. பத்து வருட உரிமை, ஆகவே நாளுக்கு 41 வெள்ளி. கார் அடுக்குமாடிக் கார்ப்பேட்டையில் உறை போர்த்தித் தூங்கும்போதும் 41. இது காரை வைத்துக்கொள்ளும் உரிமைக்கு மட்டும், கார் தனி. சந்தை மதிப்பில் 80,000 வெள்ளிக்கு மேலுள்ள பகுதிக்குக் கூடுதல் பதிவுக் கட்டணம் 320 விழுக்காடு தனி. இவ்வளவும் கட்டி வாங்கிய காரைச் சிராங்கூன் ரோடு கோயில் வாசலில் நிறுத்திப் பூசை போடுகிறோம். சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கியதோடு அதன் சிங்கப்பூர்ச் சாகசங்கள் முடிந்துவிடுகின்றன. இந்த ஊரில் எந்த விரைவுச்சாலையும் 90க்கு மேல் போகச் சொல்வதில்லை.

ஆகவே வடக்கே, ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நிலவழி எல்லையைத் தாண்டும் சிங்கப்பூர்க் காரின் டாங்கியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். 1989இல் அரை டாங்கி என்று தொடங்கிய விதி 1991இல் முக்கால் ஆனது. அந்தப் பக்கம் போனால் மானிய விலை ரான் 95 நமக்குக் கிடையாது, 97தான். இதெல்லாம் ஒரு தொல்லையே இல்லை. தொல்லை, கூட வருகிறவர்கள். எட்டு கார் சேர்ந்து போனால் ஒருவருக்கு மாச்சாப்பில் கழிவறை, இன்னொருவருக்கு யொங் பெங்கில் மீன் உருண்டை. எடை குறைக்க உதிரிச் சக்கரத்தை வீட்டிலேயே விட்டு வந்தவர் பாகோவில் இரண்டாவது நாசி லெமாக் வாங்குகிறார். வண்டி முழுக்கக் கார்பன் ஃபைபர் மாட்டியவர்தான் வாக்கி டாக்கியில் ஓயாமல் பேசுகிறவர். 110 எல்லையுள்ள சாலையில் 95க்கே போவார், டயர் தேய்ந்துவிடுமாம்.

நான்கு வினாடி வழிக்கு வருமுன் பிரேக் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அண்ணன் கேட்பதில்லை. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிவிட்டால் தரநிலை உறுதிசெய்யும் அளவு 155தான். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? பதினைந்தாம் வளைவுக்கு முன்னால் மிதி பஞ்சாக இறங்கினால், வாகனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்தாயிரம் வெள்ளிக்குச் சக்கரம் வாங்கியவர்கள் முப்பது வெள்ளி எண்ணெயை மாற்றமாட்டேன் என்கிறார்கள். எண்ணெயைப் படம் எடுத்துப் போட முடியாது. ஓட்டி முடித்ததும் கொதிக்கிற பிரேக்கோடு ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள் என்று காலைக் கூட்டத்தில் தலைப்பாடாகச் சொல்வார்கள். பிட் லேனுக்குத் திரும்பியதும் வரிசையாகக் கர்ர், கர்ர் என்று கேட்கும். அப்புறம் பிற்பகல் மழை. 1999இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தோடு பெயர் வாங்கிய அந்த ஓடுதளத்தில், மாலை மூன்று மணிக்கு எட்டு ஆண்கள் கொட்டகைக்குள் நின்று வானத்தைப் பார்த்தபடி காப்பீட்டுப் பத்திரத்தைப் பேசுவார்கள். ஓடுதளத்தில் அடிபட்டால் வழக்கமான காப்பீடு தராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்த முகத்தோடு அதைச் சொல்வார்.

வீட்டில் சொல்கிற காரணங்கள் முன்பு சுலபமாக இருந்தன. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியபோது, "நம்ம ஆளு" என்று ஒரு வார்த்தை போதும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தின் 991 பிரிவில் அஜித்குமார் அணி மூன்றாமிடம் வந்தது. அன்றிலிருந்து நிலைமை கெட்டுவிட்டது. அத்தைமார் வாட்ஸ்ஆப்பில் கேட்கிறார்கள்: "அஜித் கப்பு வாங்கிட்டு வந்தாரே, நீ என்ன தம்பி வாங்கிட்டு வந்தே?" இதை எழுதுபவர் வாங்கி வந்தது மூவார் ஓத்தாக் ஓத்தாக், இரண்டு பெட்டி. நன்றாக இருந்தது என்றார்கள். அடுத்த முறை மூன்று பெட்டியாம்.

அடுத்த முறைக்கான தேதி அண்ணனின் குழுவில் வந்துவிட்டது. எட்டு இடம், பதினோரு பேர் கை தூக்கியிருக்கிறார்கள், பணம் கட்டியது இரண்டு பேர். சென்ற முறை பிட் லேனில் டயர் காற்றழுத்தமானியை இரவல் வாங்கிப் போனவர் அந்த இரண்டு பேரில் இல்லை. கறுப்பு உறை, ஓரத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். உங்கள் கையுறைப் பெட்டியில்தான் இருக்கிறது, பாருங்கள்.