ஆடு தானா வந்ததாம்!

எடேய் மருமோன், ஊர்காவற்றுறைக் கோட்டிலையிருந்து உனக்குச் சம்மன் வந்ததெண்டு கேள்விப்பட்டன். "ஆடு தானாத்தான் என்ரை படலைக்குள்ளை வந்தது, களவெடுக்கிற எண்ணமே எனக்கில்லை" எண்டு சொல்லப்போறியாம். சாட்டிக் கடற்கரையிலை காத்து வாங்கிக்கொண்டு யோசிச்சனியோ?

உன்ரை கதையிலை அரைவாசி சட்டம் இருக்குத்தான். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்ரை 366 ஆம் பிரிவு, களவெண்டால் நேர்மையில்லாத எண்ணம் வேணுமெண்டு கேக்குது. அதை நிரூபிக்க வேண்டியதும் வழக்கு வைச்சவையள், நீயில்லை. ஆனால் மனசைப் பிளந்து பாக்கிற கத்தி எந்த நீதவானிட்டையும் இல்லையே. அவர் பாக்கப்போறது உன்ரை கையையும் காலையும் வாயையும்.

1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்திலை 8 ஆம் பிரிவைப் பார். நோக்கம், ஆயத்தம், முன்னும் பின்னும் ஆள் நடந்த விதம், எல்லாம் சாட்சிதான். வந்த ஆட்டைக் கோடிக்குள்ளை கட்டி, குழை போட்டு, சாட்டிக் கிணத்து நல்ல தண்ணியும் குடுத்தனி. சரி, அது புண்ணியம். சொந்தக்காரன் வந்து கேக்க "இஞ்சாலை ஒரு ஆடும் வரேல்லை" எண்டு ஏன் சொன்னனி? குறி வெட்டின காதிலை ஏன் கரி பூசினனி? ஆடு தானா வந்தது, கழுத்து மணியும் தானாக் கழண்டதோ?

சட்டம் எழுதினவங்களும் எங்களை மாதிரி வேலியாலை எட்டிப் பாத்தவங்கள்தான் போலை. அதே சான்றுச் சட்டத்தின்ரை 14 ஆம் பிரிவிலை ஒரு நாய்க்கதை வைச்சிருக்கினம். கடிநாயெண்டு எனக்குத் தெரியாதெண்டு வளத்தவன் சொன்னால், முந்திக் கடி வாங்கின மூண்டு பேர் அவனிட்டை வந்து முறையிட்டதைக் கோட்டிலை எடுத்துக் காட்டலாமாம். போன மாரியிலை இன்னொரு கிடாயும் உன்ரை வளவுக்குத் "தானா" வந்தது. என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாட்டி நான் வாய் திறக்கமாட்டன்.

"வெறியிலை நிண்டனானெண்டு சொல்லு" எண்டு உன்ரை கூட்டாளி புத்தி சொன்னானாமே. தண்டனைச் சட்டக்கோவையின்ரை 79 ஆம் பிரிவு அவனுக்குத் தெரியாது. தானாக் குடிச்சவனுக்கு, குடியாதவனுக்குள்ள அறிவு இருந்ததெண்டுதான் சட்டம் எடுக்கும். எண்ணம் வேறை சங்கதி. 1924 இலை ரெங்கசாமி எண்டவன்ரை வழக்கிலை அதைத்தான் அலசினவை. கொல்லுற எண்ணமே எடுக்க ஏலாத அளவு வெறியெண்டால், கொலை இறங்கிக் கைமோசக் கொலையாகலாம். கொலைக்கு 296 ஆம் பிரிவிலை மரண தண்டனை. கைமோசக் கொலைக்கு 297 ஆம் பிரிவிலை, அறிவு மட்டும் இருந்ததெண்டால், ஆகக்கூடினது 10 வருசம். ஒரு சொல்லுக்குள்ளை ஒரு உயிர் தொங்குது பார்.

உன்ரை சங்கதி அவ்வளவு பெரிசில்லை. மணியைக் கழட்டி, பனங்கூடலுக்கை எறிஞ்சு, காதுக்குக் கரியும் பூசுற அளவுக்கு நிதானமான வெறி எந்தத் தவறணையிலை விக்கிறாங்கள்? எனக்கும் ஒரு போத்தல் வாங்கி வா.

இண்டைக்கே ஆட்டை அவிட்டுக் கொண்டுபோய்க் குடு. பனங்கூடலுக்கை மணியைத் தேடித் திரியாதை. அது என்ரை தாவாரத்திலை தொங்குது.