இல்லாத நிலையத்தில் கண் விழிப்பவர்

செனாயில் விமான நிலையம் இருக்கிறது. பெருவிரைவு ரயில் இல்லை. ஆனால், சிங்கப்பூரின் பெருவிரைவு ரயிலைப் பற்றி ஒரு செனாய்க்காரரிடம் வாய் கொடுத்துப் பாருங்கள். எதிரே இருக்கும் தே தாரிக் ஆறி ஆடை கட்டினாலும் நீங்கள் எழுந்து வர முடியாது. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு ‘ரயில் அண்ணன்’ உண்டு. அவர் படுப்பது செனாயில், சம்பாதிப்பது சிங்கப்பூரில், தூங்குவது ரயிலில்.

விடியற்காலை 4 மணிக்கு மோட்டார் உறுமும். இது எந்த அண்ணன் என்று சத்தத்தை வைத்தே தெருநாய்கள் கண்டுபிடித்துவிடும், குரைப்பதில்லை. ஸ்கூடாய் சாலையில் குளிரக் குளிர ஓட்டி, ஜொகூர் பாருவில் மோட்டாரை நிறுத்திவிட்டு, குடிநுழைவு தாண்டி பஸ் பிடிப்பார். எதிரே கடற்பாலம். நீளம் 1,056 மீட்டர்தான். 1924-இல் திறந்தபோது அதைக் கட்டியவர்கள், ஒரு நாள் இதன்மேல் தினமும் 3 லட்சம் பேர் போவார்கள் என்று கனவு கண்டிருக்க மாட்டார்கள். ஜாம் இல்லாத நாளில் பஸ்ஸுக்குச் சில நிமிஷம். ஜாம் பிடித்த நாளில், இறங்கி நடப்பவர்கள் கையாட்டிவிட்டு முந்திப் போவார்கள்.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பஸ் கதவு திறந்ததும் ஓர் ஓட்டம் தொடங்கும். ஐம்பது வயது அண்ணன்மார்கூட நகரும் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவுவதைப் பார்த்தால் நம் கால் தானாக வலிக்கும். 2024 மார்ச்சிலிருந்து பாஸ்போர்ட்டுக்குப் பதில் கைப்பேசியில் கியூஆர் காட்டலாம் என்றார்கள். வரிசை வேகமாயிற்று. ஓட்டம் குறையவில்லை. பழகிய கால்.

அப்புறம் இன்னொரு பஸ். அப்புறம் கிராஞ்சி ரயில் நிலையம். அண்ணனின் உண்மையான வாழ்க்கை இங்கேதான் ஆரம்பம்.

ரயிலுக்கு ஆறு பெட்டி. பெட்டிக்கு ஒரு பக்கம் நான்கு கதவு. ஆக இருபத்து நான்கு கதவுகள். அதில் ஒன்று மட்டும் அண்ணனுடையது. அவர் இறங்கும் ஜூரோங் ஈஸ்ட்டில் அந்தக் கதவு எங்கே போய்த் திறக்கும், அங்கிருந்து படிக்கட்டுக்கு எத்தனை எட்டு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சொந்த வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டால் தெரியாது.

காலையில் உட்கார இடம் கிடைக்காது. அண்ணனுக்கு அது தேவையும் இல்லை. கதவுக்குப் பக்கத்தில், இருக்கை வரிசை முடிகிற இடத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்கிறதே, அதுதான் அவர் தலையணை. முதுகுப்பையை மார்புப் பக்கம் திருப்பிக் கட்டிக்கொள்வார். பைக்குள் மனைவி கட்டிக் கொடுத்த நாசி லெமாக். இலை வாசனை பெட்டி முழுக்கச் சொல்லிவிடும். ஆனால் பிரிக்க மாட்டார். ரயிலில் சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 வெள்ளி அபராதம் என்று சுவரில் எழுதியிருக்கிறது. அதை ரிங்கிட்டாக மாற்றினால் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டும். அந்தக் கணக்கைப் போட்டதுமே பசி போய்விடும். வலது தோள் கண்ணாடியில், இடது கை கம்பியில். கதவு மூடும் மணி ஒலிக்கும்போது இமையும் மூடும். தலை ஒருமுறை முன்னால் சாயும், பின்னால் போகும், பிறகு நடுவில் நிலைக்கும். அவ்வளவுதான்.

சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம், ரயிலில் நல்ல பிள்ளையாக இருப்பது எப்படி என்று சொல்ல ஒரு பொம்மைக் கூட்டத்தையே வரைந்து ஒட்டியது. எழுந்து இடம் கொடுக்கும் ஸ்டேசி, உள்ளே தள்ளி நிற்கும் மார்ட்டின், பையைக் கீழே வைக்கும் பென்னி. நின்றுகொண்டே தூங்கி, யார் மேலும் விழாத செனாய் அண்ணனுக்கு மட்டும் பொம்மை இல்லை. அவரை யாராலும் வரைய முடிந்திருக்காது. மூச்சு விடுவது ஒன்றைத் தவிர அவரிடம் அசைவே கிடையாது.

இப்போது ஒரு நுட்பமான சங்கதி. அண்ணன் போகும் சிவப்புத் தடத்தில் நிலையங்களுக்கு எண் உண்டு. ஜூரோங் ஈஸ்ட் 1. புக்கிட் பாத்தோக் 2, புக்கிட் கொம்பாக் 3, சுவா சூ காங் 4, இயூ டீ 5. அடுத்து கிராஞ்சி 7. ஆறு எங்கே? ஆறைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள். சுங்கை காடுட் என்று ஒரு நிலையம் அங்கே வரப் போகிறது. 2035 வாக்கில் என்று திட்டம்.

இந்த ஆறாம் எண்ணைப் பற்றி அண்ணனுக்கு இரண்டு கருத்து உண்டு. காலையில் கேட்டால், “கட்டித் தொலைச்சா என்னவாம்? இன்னும் ரெண்டு நிமிஷம் தூங்கலாம்ல?” என்பார். சாயங்காலம் கேட்டால் பதறுவார். காலையில் ஜூரோங் ஈஸ்ட் கடைசி நிலையம். தூங்கினாலும் ரயில் அதைத் தாண்டாது. திரும்பும்போது அப்படி இல்லை. கிராஞ்சியில் விழிக்காவிட்டால் உட்லண்ட்ஸ், யீஷூன், ஆர்ச்சர்ட் என்று ரயில் அவரைக் கடற்கரைவரை கொண்டுபோய்விடும். அவரை எழுப்புவது அறிவிப்பு இல்லை. எத்தனை முறை அறிவித்தாலும் தூங்குவார். இயூ டீ தாண்டியதும் ரயில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறதல்லவா, அந்த நீண்ட ஓட்டம்தான் அவருக்கு அலாரம். நிற்காத இடத்தில் அவர் கண் திறக்கும். கட்டப்படாத ஒரு நிலையம் பல வருஷமாக ஒரு மனிதரைத் தட்டி எழுப்பி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

இந்த அலாரம் எவ்வளவு கெட்டி என்பது தீபாவளிச் சாமான் வாங்கத் தேக்கா போன அன்று தெரிந்தது. நானும் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், மாமியார். கிராஞ்சியில் ரயில் வந்து நின்றது.

“ஏறாதீங்க! இந்தக் கதவு வேணாம். அந்தக் கோடிக்கு வாங்க. நியூட்டன்ல மாறணும், படி பக்கத்துல வரும்.”

கோடிக்கு நடந்தோம். ரயில் போய்விட்டது. அடுத்ததில் சரியான கதவில் ஏறினோம். ஒரு சீனப் பெண் எழுந்து மாமியாருக்கு இடம் கொடுத்தாள். மாமியார் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “சூடா மாக்கான்?” என்று, சாப்பிட்டாச்சா என்பதை மலாயில் கேட்டார். வாயே திறக்காத அந்தப் பெட்டியில் பத்துப் பேர் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்ந்தார்கள்.

நியூட்டனுக்குப் பதினான்கு நிலையம். வழிகாட்டி அண்ணன் இரண்டாவதிலேயே கண்ணாடித் தடுப்பைக் கண்டுபிடித்துச் சாய்ந்துவிட்டார். யீஷூன் போயிற்று, காத்திப் போயிற்று. காத்திப்புக்கும் இயோ சூ காங்குக்கும் நடுவே கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர். ரயில் நிற்கவே நிற்காது. நான் இதை யோசிக்கவில்லை. அண்ணனின் உடம்பு யோசித்துவிட்டது. சட்டென்று கண் திறந்தார், பையைத் திருப்பினார், கதவு திறந்ததும், “இறங்குங்க, இறங்குங்க, கிராஞ்சி வந்துருச்சு!” என்று இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார். நாங்களும் பாய்ந்தோம்.

மேடையில் நின்றபோது மாமியார் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். “கிராஞ்சியில ஏறி எட்டு ஸ்டேஷன் வந்தோம். மறுபடி கிராஞ்சியா மாப்பிள்ளை? இங்க இயோ சூ காங்னு தமிழ்ல போட்டிருக்கே?”

அண்ணன் ஒரு வினாடிகூடத் தடுமாறவில்லை. “தெரிஞ்சுதான் இறக்கினேன், அத்தை. இது சாதாரண ஸ்டேஷன் இல்ல. 1987 நவம்பர் 7, சிங்கப்பூருல மொத மொத பெருவிரைவு ரயில் ஓடினது இங்கேருந்து தோ பாயோ வரைக்கும்தான். அஞ்சே ஸ்டேஷன். பிள்ளைங்க பார்த்து வைக்கணும்ல?”

சொன்னது அத்தனையும் சரி. பிள்ளைகள் மட்டும் அப்பாவின் கன்னத்தில் பதிந்திருந்த பை வாரின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: “வீட்டுல மெத்தையில புரண்டுகிட்டே கெடப்பாரு. இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்ல.”

அடுத்த ரயிலில் மாமியார் தமக்குக் கிடைத்த இருக்கையை மருமகனுக்குத் தள்ளிவிடப் பார்த்தார். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தூக்கம் வராதாம்.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்குப் புது ரயில் பாதை போடுகிறார்கள். 4 கிலோமீட்டர், ஐந்தே நிமிஷம், மணிக்கு ஒரு பக்கம் 10,000 பேர். அண்ணன் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்: உட்லண்ட்ஸில் சிவப்புத் தடத்துக்கு மாறினால், கிராஞ்சியைவிட இரண்டு நிலையம் கூடுதலாகத் தூங்கலாம். காலையில் இன்னும் ஒரு மணி நேரம் வீட்டிலேயே தூங்கலாமே என்றேன். “வீடு ஆடாதே, தம்பி,” என்றார்.

ஆகவே வாசகர்களே, சாயங்கால ரயிலில் கதவோரம் நின்றபடி தூங்கும் ஒருவரைப் பார்த்தால் குடித்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர்க்காரராக இருக்கும். இயூ டீ தாண்டியும் கண் திறக்காவிட்டால் தோளில் லேசாகத் தட்டுங்கள். ஆறாம் எண் நிலையத்தைக் கட்டி முடித்த பிறகு அந்த வேலை முழுக்க உங்களுடையதுதான்.